நன்றியில் ஒரு வரி

எழுபதுகளின் நடுவில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் தட்டச்சராக இருந்தேன். எதிர் அறை ஆய்வாளர் ஒரு பெண், கோட்டைக்குள் அக்கிரகாரத்திலிருந்து வருபவர், முப்பது வயதிருக்கும். இரண்டு வருஷம் பொன்முடி மலைக்கு பஸ் ஏறி இறங்கி, தேயிலைக் கருகல் நோய் மழையால் அல்ல, மழை விட்டபின் தங்கும் மூடுபனியால் பரவுகிறது என்று கண்டார். உள்ளூர்க் கல்லூரி இதழில் அதை எழுதினார். அடித்துக் கொடுத்தது நான்தான்.

ஒன்றரை வருஷம் கழித்து எங்கள் துறைத்தலைவர் அதே மூடுபனியை வைத்து வெளிநாட்டு இதழுக்குக் கட்டுரை எழுதினார். என் நாட்குறிப்பில் பட்டியல் அடித்த நாள் செவ்வாய்க்கிழமை, முற்பகல். மேற்கோள் பட்டியலை அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். அவருடைய ஆசிரியர், லண்டன்காரர்கள் இருவர், டில்லிக்காரர் ஒருவர். கட்டுரையைப் பரிசீலிக்கக்கூடியவர்கள் முதலில் வருவது அங்கே வழக்கம்.

"சார், எதிர் ரூம் மேடத்தோட பேப்பர்?"

"அந்தக் குட்டி நம்ம மனுஷியல்லே? வெளியாளை விட்டாத்தான் கோவிச்சுப்பான். கட்டுரை முடிவுல நன்றியில ஒரு வரி போடும் ஓய், போறும்."

எனக்கும் நியாயமாகவே பட்டது. கல்யாணத்துக்கு வெளியாரைத்தான் பத்திரிகை வைத்து அழைக்கிறோம். வீட்டு மனிதருக்கு எதற்கு? நானே போய் அவரிடம் சொன்னேன்.

"மேடம், சார் உங்க பேரைத் தனியாப் போட்டிருக்கார்."

"பட்டியல்ல இல்லையா?"

"அதுல கூட்டத்தோட கூட்டமாப் போயிடும். இது தனி மரியாதை."

அவர் சற்று யோசித்து, "சரி, இருக்கட்டும்" என்றார்.

அதன்பின் மூடுபனியைப் பற்றி எழுதிய எல்லோரும் தலைவரின் கட்டுரையையே மேற்கோள் காட்டினார்கள். அடுத்த வருஷம் மேடத்துக்குப் பதவி உயர்வு நேர்முகம். முடிந்ததும் நேராக என் அறைக்கு வந்தார்.

"உங்க வேலையை யார் மேற்கோள் காட்டியிருக்கான்னு கேட்டா. யாருமில்லேன்னேன். அதுக்கு ஒருத்தர், மூடுபனி பத்தி உங்க தலைவர் எழுதினதைப் படிச்சு அந்த வழியில போங்கோன்னார்."

"நன்றியில பேர் இருக்குன்னு சொல்லலையா மேடம்?"

"சொன்னேன். அதெல்லாம் யார் எண்ணறான்னு சிரிச்சுட்டா."

அவர் கோபப்படவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். பதவி வேறொருவருக்குப் போயிற்று.

அன்று நான் அடித்த மேற்கோள் பட்டியலின் கடைசித் தாளில் நாலு விரல் இடம் வெறுமையாக இருந்தது. தலைவர், நான் அடித்ததைத் திரும்பப் படிப்பவர் அல்ல, பார்க்காமலே கையெழுத்திடுவார். மேடத்தின் கட்டுரை விவரத்தை அங்கே சேர்க்க எனக்கு அரை நிமிஷம் போதுமாயிருந்திருக்கும்.