பச்சை விளக்கு எரிந்தபோது

பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் டெஸ்டிங் லைனில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் நான். சர்க்யூட் போர்டு வெளியே போகுமுன் டெஸ்ட் டேட்டாவை அழித்தாக வேண்டும். ஒருநாள் நான் மறந்து, ஒரு டிரே அப்படியே போய்விட்டது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினார்: "பழசு உள்ள இருந்தா கஸ்டமர் திருப்பி அனுப்பிடுவான் லா!" அன்றிலிருந்து அழிப்பது என் கையோடு ஊறிவிட்டது.

ஓய்வு பெற்றபின் குணா தேடி வந்தார். லைனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த கமலாவின் கணவர். பட்டம் விடுவதில் பைத்தியம்.

"அக்கா, பட்டத்துல கேமரா கட்டணும். மேல போனா தானா கிளிக் ஆகணும். செஞ்சு குடுப்பீங்களா?"

சின்னக் கேமரா, ஒரு கண்ட்ரோல் போர்டு, மெமரி கார்டு. ஐந்து விநாடிக்கு ஒரு கிளிக். ஸ்விட்சைப் போட்டதும் முதலில் கார்டை முழுக்க அழிக்கும்படி புரோகிராம் எழுதினேன். அழித்து முடித்தால் பச்சை விளக்கு எரியும். யாரும் அப்படிக் கேட்கவில்லை. பழக்கதோஷம்.

ஞாயிறு காலை கடலோரத் திடலில் பட்டம் ஏறியது. கமலா படம் எடுக்கவே விடமாட்டாள். கன்னத்துத் தழும்பைக் கையால் மறைத்துக்கொள்வாள். அன்று என்ன தோன்றியதோ, புல்லில் மல்லாந்து படுத்து மேலே பார்த்துச் சிரித்தாள்.

"அவ்ளோ ஒசரத்துல தழும்பு எங்கக்கா தெரியப் போவுது!"

படங்களை அப்புறம் பார்க்கலாம் என்று மூவரும் சாப்பிடப் போய்விட்டோம். கேமரா என்னிடமே இருந்தது. அந்த வாரமே கமலா மாரடைப்பில் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து குணா வந்தார். வீட்டில் மாலை போட்டிருந்தது, அவளுடைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருந்த படத்தின் பெரிய பிரதிக்கு.

"அதுல அவ சிரிக்கவே இல்லக்கா. அன்னிக்கு எடுத்தது இருக்குல்ல?"

"இருக்கு தம்பி" என்று சொல்லிக்கொண்டே, பேட்டரி இருக்கிறதா என்று பார்க்க ஸ்விட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது.

"வேலை செய்யுதுக்கா!" என்றார் குணா, சந்தோஷமாக.

அது கார்டில் இருந்த படமெல்லாம் அழிந்ததைக் காட்டும் விளக்கு என்று சொன்னேன். கார்டைக் கடைக்குக் கொண்டுபோனோம். முழுக்க அழிந்துவிட்டது, ஒன்றும் மீளாது என்றார்கள்.

குணா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நான் நூலப் பிடிச்சுக்கிட்டு பட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்தீங்கல்ல, எப்படிச் சிரிச்சா?" என்று கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

போர்டு செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எதை வேண்டுமானாலும் தானாக நடக்க வையுங்கள். அழிப்பதை மட்டும், ஒரு மனிதரைக் கேட்டுவிட்டுச் செய்ய வையுங்கள்.