காலி வண்டியும் அம்மீட்டர் முள்ளும்

மீட்டர் மீது சந்தேகம் எழுந்தால், அதைச் சோதித்து முடிக்கும்வரை அதன் அளவை வைத்து எந்தத் தொழிலாளி மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. எங்கள் விதிப்புத்தகத்தில் இது தெளிவாகவே இருந்தது. ஐம்பதுகளின் கடைசியில், சிங்கப்பூர்த் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிடங்கில் நான் மேற்பார்வையாளன். என்னைத் தவிர அந்தப் புத்தகத்தை வேறு எவரும் திறந்ததாகத் தெரியவில்லை.

சரக்கு இழுக்கும் பேட்டரி வண்டிகளில் ஒன்றில், மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டரின் முள் திடீரென்று சிவப்புக் கோட்டைத் தாண்டத் தொடங்கியது. "அளவுக்கு மீறி ஏத்துறான்" என்று சொல்லி, ஓட்டுநரை மூட்டை தூக்க அனுப்பிவிட்டார் கிடங்கின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி.

"காலி வண்டிக்கே முள்ளு ஏறுது சார். நான் என்ன காத்தையா ஏத்தினேன்?" என்றார் ஓட்டுநர்.

நானே ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான். மீட்டர் பெட்டி மூடியின் காற்றுத்துளை வழியே டார்ச் அடித்ததும் விஷயம் புரிந்தது. மேலதிகாரி வருகிறார் என்று கிடங்கு முழுக்கச் சாம்பல் பெயின்ட் அடித்திருந்தார்கள்; அசையாத எதையும் விட்டுவைக்கவில்லை. மின்சாரம் ஓடும் தடித்த தகட்டில் இரண்டு சிறு திருகுகள் உண்டு. மீட்டரின் மெல்லிய கம்பிகள் அவற்றில்தான் இருக்க வேண்டும். பெயின்ட்காரர்கள் கழற்றிய கம்பிகளைத் திரும்ப மாட்டும்போது, கேபிளோடு சேர்த்துப் பெரிய போல்ட்டில் முறுக்கிவிட்டார்கள். பெயின்ட் புகுந்த அந்த இணைப்பில் வீணாகும் மின்னழுத்தத்தையும் மீட்டர் மின்னோட்டமாகக் கணக்கிட்டது. மின்பிரிவு ஆள் உள்ளே பார்க்காமலே மூடி, ஈய முத்திரையும் வைத்துவிட்டார். ஒரு ஸ்பானரும் திருப்புளியும் போதும், சரிசெய்துவிடலாம்.

"முத்திரையத் தொட்டீங்கன்னா அடுத்த ரிப்போர்ட் உங்க மேலதான் லா," என்றார் பெரிய கிராணி. "எழுதிக் குடுங்க. பதில் வரட்டும்."

"அதுவரைக்கும் அவர் ஓட்டலாமே? ரூல் இருக்கே."

"முத்திரை இருக்குல்ல? அப்ப சோதிச்சாச்சுன்னுதான் அர்த்தம்."

மூன்று பிரதிகளில் எழுதினேன். பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன், முந்தைய கடித எண் இல்லை என்று திரும்பி வந்தது. எண் இருந்தது. அவர்கள் பார்க்கும் மூலையில் இல்லையாம்.

சிராங்கூன் ரோட்டுக் காப்பிக்கடையில் ஓட்டுநரைப் பார்த்தேன். தோள் வீங்கியிருந்தது.

"உங்க ரூல் நல்ல ரூல்தான் சார். அத வச்சு மூட்டைய எறக்க முடியலியே. ஊருக்கே போயிடலாம்னு நாகப்பட்டினம் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்."

கடைசியில் பதில் வந்தது. முத்திரையை உடைத்து மீட்டரைச் சோதிக்கலாம். சம்பந்தப்பட்ட ஓட்டுநர் அவசியம் உடனிருக்க வேண்டும். அந்தப் பதில் வந்தது, ஓட்டுநர் ஏறிய கப்பல் போன மறுவாரம், ஜனவரி பதின்மூன்றாம் தேதி.