குளிசையை விட்டு நோற்ற நோன்பு

சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே தள்ளுகட்டிலில் படுத்திருந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. பித்தப்பைக் கல்லை எடுக்க எப்படியும் பட்டினி கிடக்கவேண்டும். அன்று திங்கட்கிழமை வேறு, நபிகள் விரும்பி நோன்பு நோற்ற நாள். சும்மா கிடப்பானேன் என்று, விடியுமுன்னே அந்தச் சுன்னத்தான நோன்புக்கு மனதில் நிய்யத் வைத்துவிட்டேன். ஒரே பட்டினிக்கு இரண்டு பலன். அக்குறணையில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவளுக்கு இந்தக் கணக்கு பிழைக்குமா?

பிழைத்தது.

ஏழு வருடமாக மூட்டுவாதத்துக்குப் பிரட்னிசலோன் (வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீரொய்ட் குளிசை) குடித்து வந்தேன். மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை, முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தார்.

"சாப்பாடு வேண்டாம் அம்மா. ஆனா காலமை இந்தக் குளிசையை மட்டும் ஒரு மிடறு தண்ணியோட விழுங்கிப் போடுங்கோ."

தலையாட்டினேன். ஆனால் குளிசை குடித்தால் நோன்பு முறிந்துவிடுமே. ஒரு நாள்தானே என்று அதைக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். முந்தின நாள் குளிசை வாந்தியோடு போனதையும் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. மருந்து குடித்தீர்களா என்று தாதி மிஸ் கேட்டபோது "ஓ" என்றேன். நோன்பும் வைத்துக்கொண்டு பொய்யும் சொன்னேன்.

விபத்தில் அடிபட்ட ஒருவரை அவசரமாகக் கொண்டுவந்ததால் என் முறை பின்னேரத்துக்குத் தள்ளிப்போனது. நடுப்பகல், லுஹர் தொழுகை நேரம், உடம்பு குளிர்ந்து வியர்த்தது. கூரை என்னை விட்டு மேலே போவதுபோல் இருந்தது. மிஸ் பிரஷரைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், டொக்டரைக் கூப்பிட ஓடினார்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. குளிசை குடிச்சனீங்களோ?"

"நோன்பு, டொக்டர்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் பயம் குறைந்திருக்கும். ஹைட்ரோகோர்ட்டிசோன் (அந்தக் குளிசையின் வேலையைச் செய்யும் ஊசிமருந்து) நரம்பில் ஏறியது, சேலைன் ஓடியது. கலிமா சொல்ல நாக்கு எழவில்லை. மௌத்து, என் முடிவு, வந்துவிட்டது என்றே நினைத்தேன். பின்னேரம் அஸர் ஆகும்போது கூரை பழைய இடத்துக்கு வந்திருந்தது.

ஒப்பரேஷன் இரண்டு நாள் கழித்து, அதே ஊசியின் துணையோடு, நல்லபடியாக முடிந்தது. மறுநாள் டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ரெண்டு சுரப்பி இருக்கு. கோர்ட்டிசோல் அங்கயிருந்துதான் வாறது. உடம்பில கத்தி பட்டா மற்ற ஆக்களுக்கு அது மளமளவெண்டு கூடும், பிறகு தானா இறங்கும். உங்கட சுரப்பி குளிசையை நம்பி ஏழு வருஷமா நித்திரை."

கோர்ட்டிசோல் என்பது நெருக்கடியைத் தாங்க உடம்பு சுரக்கும் ஹோர்மோன். நாம் மயங்கிக் கிடந்தாலும் உடம்புக்குக் காயம் தெரியும். தெரிந்து தன்னைக் காக்கும். என் உடம்புக்குத் தெரிந்தாலும் காக்க வழியில்லை.

"இனி எழும்புமா டொக்டர்?"

"மெல்ல மெல்லக் குறைச்சுப் பாப்பம். கனபேருக்கு எழும்பும்."

என் கணவர் நான் வீட்டுக்கு வரும்வரை பொறுத்திருந்துதான் வாயைத் திறந்தார். "டீச்சர், அல்லாஹ் நோயாளிக்கு நோன்ப விட இடம் தந்தீக்கான். நீங்க ஒராள்தான் அதத் திருப்பிக் குடுத்தீக்கிற." சிரித்தேன். தையல் வலித்தது.

மூட்டுக்கு வேறு மருந்து தொடங்கியது. குளிசையைக் குறைக்கப் பத்து மாதம் எடுத்தது. சில வாரம் படியேறவே உடம்பு மறுத்தது, காரணமில்லாமல் அழுகை வந்தது. இதே குளிசை குடிப்பவர்கள் இதை வாசித்தால் ஒன்றே ஒன்று சொல்வேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள். என்னைப் போல் கெட்டித்தனம் காட்டாதீர்கள்.

கடைசியில் இரத்தப் பரிசோதனை. இந்த ஹோர்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்குமாம், எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். இரத்தம் எடுக்கும்வரை குளிசை வேண்டாம் என்று இந்த முறை டொக்டரே சொன்னார். பட்டினி தேவையில்லை என்று பரிசோதனைத் துண்டுக் கடதாசியில் இருந்ததை இரண்டு தடவை வாசித்தேன். இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுப் போனேன். அன்றும் திங்கட்கிழமை.

முடிவு வர நாலு நாள். அந்த நாலு நாளும் என் இடுப்புக்குள் யாரோ தூங்குகிறார்களா, விழித்திருக்கிறார்களா என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். டொக்டர் தாளை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்கோ அம்மா, எழும்பியிட்டுது."

முன்பு விடிகாலைச் சுபஹுப் பாங்குதான் என்னை எழுப்புகிறது என்று நினைத்திருந்தேன். இப்போது பாங்குக்கு முன்னே கண் திறக்கிறது. எனக்கு முன்பே எழுந்து, இருட்டிலேயே வேலையைத் தொடங்கிவிட்ட ஒன்று உள்ளே இருக்கிறது. அவசரப்படாமல் ஐந்து நிமிடம் அதோடு கிடக்கிறேன். பிறகு எழும்பித் தொழுகைக்கு வுழூ செய்யப் போகிறேன்.