பத்து வினாடி கழன்றிருந்த ஒயர்

2006-ஆம் வருடம், ஆனி மாதக் கடைசி. பொன்னேரியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில் நடந்தது இது. என் மகளுக்கு அப்போது பத்து மாதம். தவழ ஆரம்பித்து, கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடுமுறை நாட்களில் அம்மன் பாட்டுகளுக்குக் கீபோர்டில் இசையமைப்பார். ஆடி மாதத்துக்காகப் பெரியபாளையத்தில் சி.டி. கடை வைத்திருந்த ஒருவர் ஆறு பாட்டு கேட்டிருந்தார். வயலின், நாதஸ்வரம், பம்பை, உடுக்கை எல்லாமே நிஜக் கருவிகளை வாசித்துப் பதிவு செய்து வைத்த ஒலிகள்தான். பாட்டு ஓட வேண்டுமென்றால் அவை முதலில் கணினியின் மெமரியில் ஏறியாக வேண்டும். எங்கள் கணினிக்கு அவ்வளவு பாரம் தாங்காது. வயலினை ஏற்றினால் பம்பை திக்கும்.

அதனால் ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துப்போட்ட இரண்டு கணினிகளை வாங்கி வந்தார். நான் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். மூன்றையும் ஒயரால் இணைத்துப் பாரத்தைப் பிரித்துக் கொடுத்தது நான்தான். வயலின்கள் ஒன்றில், தாளக் கருவிகள் இன்னொன்றில். ஹாலில் இருந்த கணினி இரண்டையும் சேர்த்து வாசிக்கும். ஹாலில் மைக் இருந்ததால், ஃபேன் சத்தம் விழாமல் இருக்க அந்த இரண்டையும் படுக்கையறையில் வைத்தோம். அவற்றுக்கு மானிட்டர் கிடையாது. ஆன் செய்தால் தாமாகவே எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்ளும். அதற்குக் கால் மணி நேரம் ஆகும்.

ஐந்து பாட்டுகளைச் சென்னைப் பாடகி ஒருவர் பாடி முடித்திருந்தார். ஆறாவதற்கு என் கணவர் சிபாரிசு செய்தது, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்த பெண்ணை. ஊர்த் திருவிழாவில் அவள் பாடியதைக் கேட்டிருக்கிறார். மைக் முன்னால் நின்று பதிவுக்குப் பாடுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கடைக்காரர் அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் அவள் குரல் பதிவாகாவிட்டால் அந்தப் பாட்டையும் சென்னைப் பாடகியே பாடட்டும் என்று சொல்லிவிட்டார். அவளுக்கோ ரெண்டு மணி ஷிப்ட். பன்னிரண்டு ஐம்பது ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

காலை ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். அவர்கள் ஹாலில் ராகம் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். மகளின் சத்தத்தையே காணோமே என்று படுக்கையறையை எட்டிப் பார்த்தால், வயலின் கணினியின் ஒயரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள். கரண்ட் ஒயர் இல்லை, கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஒயர்தான் என்று தெரிந்தும் பதறிவிட்டேன். சட்டென்று பிடுங்கியதில் அது கணினியிலிருந்தே கழன்று வந்துவிட்டது. எச்சிலை முந்தானையால் துடைத்து, பத்து வினாடிக்குள் மறுபடி செருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

பத்தரைக்கு ஹாலில் பாட்டை ஓட விட்டார்கள். நாலாவது வினாடியில் திரை உறைந்துவிட்டது. என் கணவர் ஹால் கணினியை அணைத்துப் போட்டார், மறுபடியும் உறைந்தது. மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். சவுண்டு கார்டைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெண் ஒரு மூலையில் உட்கார்ந்து பாட்டெழுதிய தாளைப் பார்த்தபடி இருந்தாள். நெட்வொர்க்கைப் பார்க்கலாமா என்று நானே மெதுவாகக் கேட்டேன். "அது நீ போட்டது. அதுல தப்பு வராது" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்து வினாடிதானே, திரும்பச் செருகிவிட்டோமே, அதனால் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரு மாதம் முன்பு சோதனை செய்தபோது, இணைப்பு ஒரு தடவை அறுந்தாலே படுக்கையறைக் கணினியையும் அணைத்துப் போட வேண்டியிருந்தது எனக்கு நினைவு இருந்தது. உண்மையில் என்னைத் தடுத்தது ஒயரைப் பற்றிய சந்தேகம் இல்லை. குழந்தையைக் கவனிக்காமல் விட்டவள் என்று அந்தப் பெண்ணின் முன்னால் தெரிந்துவிடுமே என்ற கூச்சம். அடுப்படிக்கும் ஹாலுக்குமாக நடந்துகொண்டே ஒன்றரை மணி நேரத்தை ஓட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு அவள் எழுந்தாள். "அண்ணா, ஆவலன்னா சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். அந்த அக்காவே பாடட்டும்" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

என் கணவர் முதலில் கேட்டது, "பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லியே?" என்றுதான். பிறகு போய்ப் படுக்கையறைக் கணினியை அணைத்துப் போட்டார். வயலின்கள் ஏறி முடியும்போது பன்னிரண்டே கால் தாண்டிவிட்டது. ஸ்டேஷனுக்கு நடக்கப் பத்து நிமிஷம் வேண்டும். இரண்டே தடவைதான் பாட முடிந்தது. இரண்டாவது நன்றாக வந்தது. கடைசிச் சரணத்தில் மட்டும், மேலே போகும் இடத்தில் மூச்சு போதாமல் குரல் லேசாக இறங்கியது. அவளுக்கே தெரிந்தது. இன்னொரு தடவை என்பது போலக் கடிகாரத்தைப் பார்த்தாள். நேரமில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை.

"வாயில வெச்சது கொயந்ததானே அக்கா, அதுக்கு இன்னா பண்றது. நீங்க பத்தரைக்கே சொல்லியிருந்தா நாலு தபா பாடிட்டு போயிருப்பேன்."

சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

இரவு கணவரும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். நான் போட்ட ஒயர் என்பதால்தான் அந்தப் பக்கமே போகவில்லையாம். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சி.டி. வெளிவந்தது. ஆடி ஞாயிறு பெரியபாளையம் போனபோது கடைத்தெருவில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பொங்கல் வைக்க வந்திருந்த கூட்டத்தில் நின்று கேட்டேன். கடைசிச் சரணம் வந்தது. குரல் இறங்கும் அந்த இடத்தில் யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மட்டும் பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றேன். அடுத்த வருடம் அந்தக் கடைக்காரர் அவளைக் கூப்பிடவில்லை. காரணம் அந்த ஓர் இடம்தானா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் வரவில்லை.

என் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். வீட்டில் ஏதாவது தவறு நடந்தால், அது என்னால்தானா என்று யோசித்து முடிப்பதற்குள் வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன். பல நேரம் அது என்னால் ஆனதாக இருப்பதில்லை. இருந்தாலும், நான் யோசித்துக்கொண்டு நிற்கும் நேரம் வேறு யாருடைய நேரமோ என்ற பயம் இன்னும் போகவில்லை.