பூப்போட்ட திரைச்சீலை

விற்கப்போகும் வீட்டைப் படம் பிடிப்பதற்கு முன் ஒழுங்குபடுத்திக் கொடுப்பது சுலைகா உம்மாவின் வேலை. வாங்குகிறவர்கள் குவைத்தில் இருந்தார்கள். அவர்களுக்கு வீடு என்பது தரகர் அபூதாஹிர் தபாலில் அனுப்பும் மூன்று படங்கள்தான். அந்த மூன்று படங்களுக்காக அவள் குசினியில் அடுப்புக் கரியைச் சுரண்டுவாள். கொடியில் கிடக்கும் சாரங்களை அலுமாரிக்குள் திணிப்பாள். மாரி மழையில் ஊறிய சுவரை அலுமாரியை இழுத்துப்போட்டு மறைப்பாள். கடைசியாக, தன் வீட்டு ஜன்னலிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த பூப்போட்ட திரைச்சீலையைத் தொங்கவிடுவாள். உப்புவெளியிலிருந்து கிண்ணியா வரைக்கும் ஐந்து வருடம் அதைச் சுமந்ததில், முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

எழுபத்தெட்டு மாசியில், அவள் குடியிருந்த வாடகை வீட்டையே சொந்தக்காரர் விற்கப் புறப்பட்டார். சுலைகா உம்மா தரையைக் கழுவினாள். திரைச்சீலை தன் ஜன்னலிலேயே தொங்கியது. அதையாவது இன்றைக்குச் சுமக்க வேண்டியதில்லை.

படப்பிடிப்பாளரோடு வந்த அபூதாஹிர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ராத்தா, அந்தத் திரையைக் கழட்டுங்க. குவைத்துக்காரர் இதை நாலு வீட்டுப் படத்தில பார்த்திட்டார். இரவல் சாமான் எண்டு நினைப்பார்."

"இது என்ட வீட்டுத் திரை, தம்பி."

"ஓம், எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதே."

சுலைகா உம்மா கதிரையில் ஏறி அதைக் கழற்றினாள். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய், ஒரு திரைச்சீலை இரவல் கேட்டாள்.