எந்தக்கா போடும் நாற்காலி

அந்த வெளிநாட்டு மருத்துவமனையில் டாக்டர் கெட்ட செய்தி சொல்லப் போகிறார் என்று தெரிந்தால், எந்தக்கா முதலில் ஒரு நாற்காலியை இழுத்து நோயாளியின் வீட்டாருக்குப் போடுவாள். அவர்கள் உட்காரும்வரை வாயைத் திறக்கமாட்டாள். அப்படிச் செய்யும்படி அவளிடம் யாரும் சொன்னதில்லை.

டாக்டர்கள் பேசும் ஆங்கிலத்தை, ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவர்களுக்கு எடுத்துச் சொல்வது அவள் வேலை. டாக்டர் ‘டிஸ்சார்ஜ்’ என்றால், “எந்த டிஸ்சார்ஜ் டாக்டர்?” என்பாள். ஸ்பானிஷில் வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒரு சொல், புண்ணில் வடிவதற்கு வேறு சொல்.

“உங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா ஒம்பது கேள்வி” என்று டாக்டர் சலித்துக்கொள்வார்.

“தப்பா சொன்னா சாமி என்னைத்தான் கேக்கும், உங்களை இல்ல.”

எந்தக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அங்கேயே துணி வெளுக்கும் பகுதியில் அவள் தங்கைக்கு வேலை. அப்பா அம்மா போனபின் இருவருக்கும் வேறு நாதியில்லை. துணிவண்டியைத் தள்ளிப் போகும்போது நாற்காலி தரையில் உரசும் சத்தம் கேட்டால், உள்ளே இருப்பவர்களுக்காகத் தங்கை மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடப்பாள்.

போன மழைக்காலத்தில் அக்காவே படுத்துவிட்டாள். ஒருநாள் டாக்டர் கட்டிலருகே நின்று ஆங்கிலத்தில் வெகுநேரம் பேசினார். தங்கைக்குப் பிடிபட்டது டிஸ்சார்ஜ் ஒன்றுதான். அக்கா ‘எந்த டிஸ்சார்ஜ்’ என்று கேட்கவில்லை. ஊசி குத்தாத கையை நீட்டி, பக்கத்து நாற்காலியைத் தங்கை பக்கம் இழுத்தாள்.

“உக்காருடி.”

தங்கை நாற்காலியைத் தொடவில்லை. “பரவால்லக்கா, நிக்கறேன்.”

“உக்காந்தாத்தானே சொல்ல முடியும்.”

“வீட்டுக்குப் போலாம்னுதானே சொல்றாரு? எனக்கு அது போதும்.”

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். “ஆமா. வீட்டுக்குப் போலாம்னு சொல்றாரு.” டாக்டர் சொன்னதில் பாதியை அவள் விழுங்கியது அந்த ஒருநாள்தான்.

வீட்டிலும் தங்கை உட்காரவில்லை. நின்றே சாப்பிட்டாள், நின்றே அக்காவுக்குத் தலை வாரிவிட்டாள். உட்கார்ந்தால் டாக்டர் சொன்ன மீதியும் வந்துவிடும் என்று பயம். ஆண்டவனிடம் கேட்டதைக்கூட நின்றபடியே கேட்டாள்.

“கொக்குகூடக் காலை மாத்தி நிக்கும்டி” என்று அக்கா கேலி செய்வாள். இருவரும் சிரிப்பார்கள். பிறகு ஆளுக்கொரு சுவரைப் பார்ப்பார்கள்.

ஒருநாள் காலை தங்கை வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டினாள். அக்கா கட்டிலோரத்து நாற்காலியை மெல்லத் தட்டிக் காட்டினாள்.

“நேரமாச்சுக்கா.”

தட்டிய கையை அக்கா எடுத்துக்கொண்டாள்.

“சரி, போயிட்டு வா. வந்து உக்காரு.”