பச்சை ஹவுஸின் மார்ச் பாஸ்ட்

எனக்குச் சின்ன வயசிலிருந்தே தொண்டை பெரிசு. மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்று அக்காவைக் கூப்பிட்டால் தெருக்கோடியில் மாடு ஓட்டிப் போகிறவர் நின்று திரும்பிப் பார்ப்பார். "மெதுவா பேசேன்டி, இன்னா தமுக்கு அடிக்கிறியா?" என்று அப்பா தினமும் திட்டுவார். அந்தத் தொண்டைக்காகத்தான் கிழக்குத் தாம்பரத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியில், பத்தாம் வகுப்பில் என்னைப் பச்சை ஹவுஸுக்குக் கேப்டனாகப் போட்டார்கள். மார்க்கைப் பார்த்துப் போட்டிருந்தால் என் பக்கம் யாரும் திரும்பியிருக்கக்கூட மாட்டார்கள்.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் திங்கட்கிழமை பிரேயரில் தவறாமல் சொல்வார், பெண்களுக்குத் தலைமைப் பண்பு வேண்டும் என்று. தலைமைப் பண்பு என்றால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்போர்ட்ஸ் டே மார்ச் பாஸ்ட்தான். நாலு ஹவுஸும் வரிசை கட்டி மைதானத்தைச் சுற்றி வரவேண்டும். முன்னால் கேப்டன். மேடை நெருங்கும்போது அவள் "ஐஸ் ரைட்" என்று கத்தி சல்யூட் வைப்பாள். பின்னால் வருகிறவர்கள் எல்லோரும் முகத்தை வலது பக்கம் திருப்ப வேண்டும். வலது ஓரத்து வரிசை மட்டும் வழி பிசகாமல் இருக்க நேரே பார்த்துக்கொண்டு நடக்கும். மேடையைத் தாண்டியதும் "ஐஸ் ஃப்ரண்ட்" என்று கேப்டன் சொன்னால், முகங்கள் நேரே திரும்பும். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுக்காக ஒரு மாதம் வெயிலில் வறுபட்டோம்.

பிள்ளைகளா அவர்கள்? ஆறாம் வகுப்புச் சில்லுண்டிகளுக்கு இடது கால் எது என்றே சந்தேகம். ஏர்ஃபோர்ஸ் பக்கமிருந்து பிளேன் கிளம்பினால் போதும், மொத்த ஹவுஸும் அண்ணாந்து பார்க்கும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். "பிளேன் போனாலும் சரி, மூக்குல ஈ உக்காந்தாலும் சரி, நான் சொல்லாம எவ தலையாவது திரும்புச்சு, தொலைச்சுடுவேன்!" என்று கத்துவேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் பயந்தார்கள். கடைசி வாரத்தில் இரண்டும் இல்லை, சும்மா சொன்னதைச் செய்தார்கள். அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பள்ளியில் கத்தியது போதாதென்று வீட்டுக்கு வந்தும் கத்தினேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வயல்களில் பாதி அப்போதே பிளாட்டாகிவிட்டன. வெள்ளையடித்த கற்கள் வரிசை வரிசையாக நின்றன. சாயங்காலம் அந்தக் கற்களுக்கு முன்னால் போய் நின்று "அட்டென்ஷன்!" என்பேன். அவ்வளவு ஒழுங்கான ஹவுஸ் எந்தக் கேப்டனுக்கும் கிடைத்திருக்காது. ஆனால் கத்துகிற என்னை ரோட்டில் போகிறவர்கள் பார்த்துவிட்டார்கள். டீக்கடையில் யாரோ அப்பாவிடம், "உன் சின்னப் பொண்ணு கல்லுங்க கிட்ட இங்கிலீஷ்ல சண்டை போடுது, பூசாரிய கூப்ட்டுப் பாரேன்" என்று கிண்டல் அடித்திருக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இஸ்கூல்ல இதான் சொல்லித் தராங்களா? பொட்டல்ல நின்னு ஊளையிட?"

"கேப்டன்னா கத்தித்தான்பா ஆகணும்."

"கேப்டனும் வேணாம், கப்பலும் வேணாம். பத்தாவது முடி, வூட்ல இரு. போதும்."

அப்பா சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. என் அக்கா என்னைவிட நன்றாகப் படித்தவள். பத்தாவது பாஸ் பண்ணிய கையோடு அவளை நிறுத்திவிட்டார். "எதுக்கு?" என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவள் சமையலறையிலும் கிணற்றடியிலுமாக இரண்டு வருஷம் கழித்துவிட்டிருந்தாள். என்னை மட்டும் பிளஸ் ஒன் அனுப்ப அவருக்கு என்ன தலையெழுத்து? மெல்ல மெல்லப் பேசிச் சம்மதிக்க வைக்கலாம் என்று நான் போட்டு வைத்த கணக்கையெல்லாம் அந்த டீக்கடை ஆள் ஒரே வார்த்தையில் கெடுத்துவிட்டான். பாவி மனுஷன்.

"ஒரு தபா வந்து பாருப்பா, அப்புறம் சொல்லு" என்று கெஞ்சினேன். "எனக்கு வேற வேலை இல்லியா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஸ்போர்ட்ஸ் டே அன்று மைதானத்தின் நீளப் பக்கத்தில் மேடை. அதைத் தாண்டிக் கயிறு கட்டி, மரத்தடியில் பெற்றவர்களை உட்கார வைத்திருந்தார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் போய்விட்டன. கடைசியாக நாங்கள். பேண்டு சத்தத்தையும் மீறி "ஐஸ் ரைட்!" என்றேன். பின்னால் அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பியது எனக்கு முதுகிலேயே தெரிந்தது. சல்யூட் வைத்தபடி மேடையைப் பார்த்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் தெரிந்தார், சீஃப் கெஸ்ட் தெரிந்தார், அவர் சால்வை தெரிந்தது. மேடை முடிகிற இடத்தில், கயிற்றுக்குப் பின்னால், செருப்பைக் கழற்றி அதன்மேல் குந்திக்கொண்டு அப்பா தெரிந்தார்.

வரமாட்டேன் என்று சொன்ன மனுஷன்! இரண்டு வார்த்தை, "ஐஸ் ஃப்ரண்ட்", அதுதான் பாக்கி. கற்களிடம் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தை. சுத்தமாக மறந்துபோய்விட்டது. கால் நடக்கிறது, கை நெற்றியில் இருக்கிறது, கண் அப்பாவிடம் இருக்கிறது. மேடை போயே போய்விட்டது. பச்சை ஹவுஸ் முழுவதும் வலது பக்கம் முகத்தைத் திருப்பியபடியே என் பின்னால் வந்துகொண்டிருந்தது.

பெற்றவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இதுவரை மேடைக்குக் கிடைத்த மரியாதை இப்போது தங்கள் பக்கம் வருகிறதே என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்தார். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். வரிசையாக எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒரு அம்மா இடுப்புக் குழந்தையைக் கீழே விட்டுவிட்டுக் கும்பிட்டார். ஒருவர் இடது கையால் சல்யூட் அடித்தார். அப்பாவும் எழுந்து, தாசில்தாரைக் கண்டால் செய்வதைப் போலத் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரைக் கடந்து, மைதானம் வளைகிற இடத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. "ஐஸ் ஃப்ரண்ட்" என்று கத்தியபோது குரல் கீச்சென்று உடைந்தது. தலைகள் எல்லாம் நேரே திரும்பின.

பரிசு மஞ்சள் ஹவுஸுக்கு. பி.டி. டீச்சர் என்னை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய், "தாம்பரம் முழுக்க சல்யூட் அடிச்சுட்டு வரலாம்னு கிளம்பிட்டியா?" என்று கிழித்தெடுத்தார். ஆறாம் வகுப்புக் குட்டி ஒன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, "அக்கா, நீங்க மறந்துட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா நீங்க சொல்லலயே" என்றது. எனக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கேட்டுக்கு வெளியே அப்பா நின்றிருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"அது தப்புப்பா. சல்யூட் மேடைக்கு மட்டுந்தான். முகத்த நேரே திருப்பச் சொல்ல மறந்துட்டேன்."

"தெரியும். உனக்கு முன்னாடி போனதுங்க மேடை தாண்டினதும் திருப்பிக்கிச்சுங்களே. நானும் பார்த்துகினுதானே இருந்தேன்."

"அப்புறம் எதுக்கு எழுந்து நின்னே?"

அப்பா கையிலிருந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நாத்து நட ஆளு வைக்கிறேன். வரப்பாண்ட நின்னு கத்தறேன், ஒருத்தரும் காதுல போட்டுக்கறதில்ல. இத்தினி பொண்ணுங்க, கழுத்து ஒடிஞ்சாலும் பரவால்லன்னு நீ சொல்ற வரைக்கும் திருப்பாம வருதுங்க. குந்திகினு பார்க்கறதுக்கு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

பஸ் வந்தது. நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கேம்ப் ரோடு திரும்பும்போது, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பதினொண்ணாவதுல இன்னா குரூப்பு கேக்கப் போறே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, காமர்ஸ் என்றேன். சரி என்று தலையை ஆட்டினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்காவிடம்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து, சாம்பல் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் திரும்ப உட்கார்ந்து குண்டானை எடுத்தாள்.

"அப்பாவா கேட்டாரு? நீ கேக்காமயே?" என்றாள்.